பெயர் சொல்லி அழைத்தால்தான் பரிசோதனை

தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன என்கிறது, 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. அதே ஆய்வு இன்னொரு கணக்கையும் சொல்கிறது. இந்த மாநிலத்தில் 30 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 1.9 சதவீதம்தான். பத்தில் ஒருவரைக்கூட முழுதாக எட்டாத நாம்தான் இந்தியாவில் முதலிடத்தில் இருக்கிறோம். பிரசவம் பார்க்கும் அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் இந்தப் பரிசோதனையும் நடக்கிறது. செவிலியரும் அவரேதான், வரவேண்டிய பெண்ணும் அதே தெருவில் இருப்பவர்தான். அப்படியிருந்தும் ஒன்று நூறைத் தொடுகிறது, மற்றொன்று பத்தைத் தொடவில்லை. பெண்களின் கூச்சம், அறியாமை, அலட்சியம் என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மையான காரணம் வேறு. கர்ப்பிணியை அரசு வீடு தேடிப் போகிறது. முப்பதைத் தாண்டிய பெண்ணை, அவராக வரட்டும் என்று காத்திருக்கிறது.

இந்த நோயின் தன்மையை நினைத்தால் அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய தவறு என்பது புரியும். 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். உலகம் முழுக்க இந்த நோயால் அந்த ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 3,50,000 பேர். அதாவது நான்கைந்து மரணங்களுக்கு ஒன்று இந்தியாவில். ஆனால் புற்றுநோய்களிலேயே நமக்கு அதிக அவகாசம் தரும் நோய் இதுதான். எச்.பி.வி. என்கிற வைரஸ் கர்ப்பப்பை வாயில் தொற்றுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் தங்கி, அங்குள்ள செல்களை மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்துக்குள் ஒருமுறை பார்த்துவிட்டால், பத்து நிமிடச் சிகிச்சையில் அதை அங்கேயே அழித்துவிடலாம். இவ்வளவு நீண்ட அவகாசம் இருந்தும் ஆண்டுக்கு 80,000 பேர் இறக்கிறார்கள் என்றால், அவர்களில் பெரும்பாலானோரை அத்தனை ஆண்டுகளாக யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது புற்றுநோய்ப் பிரிவுகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து மறுபடியும் ரத்தம் படுகிறது. துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், விடாத இடுப்பு வலி. இதையெல்லாம் வயதானால் வருவதுதான் என்று பொறுத்துக்கொண்டு, தாங்க முடியாமல் போகும்போதுதான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். கட்டி வளர்ந்து சிறுநீர்க் குழாயை அழுத்தி, சிறுநீரகம் பழுதான நிலையில் வருபவர்களும் உண்டு. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு வாரங்களுக்குக் கதிர்வீச்சு, கூடவே கீமோ, பிறகு உள்ளே கருவி வைத்துத் தரப்படும் கதிர்வீச்சு. அந்த வசதி பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. அங்கேயே தங்க வேண்டும், துணைக்கு ஒருவர் வேலையை விட்டு வர வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. கூட வந்தவரின் கூலியையும், வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளின் சாப்பாட்டையும் எந்தத் திட்டமும் ஏற்பதில்லை.

இத்தனையையும் தடுக்கும் பரிசோதனை என்ன பெரிய விஷயம்? நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யப்படுவது மிக எளிய முறை. பெண்ணைப் படுக்கவைத்து, கர்ப்பப்பை வாய் தெரியும்படி ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் இருக்கும் அதே அமிலத்தில் பஞ்சை நனைத்துத் தடவுகிறார்கள். ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். செல்கள் மாறியிருக்கும் இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், அறிக்கைக்காக இன்னொரு நாள் வரவும் வேண்டாம். பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். இந்தப் பரிசோதனை உயிரைக் காப்பாற்றுகிறது என்று உலகத்துக்கு முதலில் நிரூபித்துக் காட்டியதும் தமிழ்நாடுதான். இங்கேயே பலருக்கும் இது தெரியாது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ அமைப்பும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தின. ஊராட்சிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியில் 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர், அதாவது நூற்றுக்கு 63க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பார்த்தது செவிலியர்கள், தேவைப்பட்டவர்களுக்கு, மாறிய செல்களை உறையவைத்து அழிக்கும் உறைநிலைச் சிகிச்சை கொடுத்ததும் செவிலியர்களே. ஏழு ஆண்டு கழித்து 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. அழைக்கப்பட்ட ஊராட்சிகளில் நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஒரே ஒருமுறை செய்த பரிசோதனையின் பலன் இது. அந்த 63 சதவீதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கால் நூற்றாண்டுக்கு முன்பு, இன்றைய அளவுக்குத் தொலைபேசியோ சாலையோ இல்லாத கிராமங்களில், விவசாயக் கூலிகளாக இருந்த பெண்கள்தான் அவர்கள்.

அதே காலத்தில் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் இன்னொரு ஆய்வு நடந்தது. 1,31,000க்கும் மேற்பட்ட பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை, இன்னொன்றுக்குச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் பாப் ஸ்மியர், மூன்றாவதுக்கு அசிட்டிக் அமிலச் சோதனை, நான்காவதுக்கு வழக்கமான கவனிப்பு என்று வைத்துப் பார்த்தார்கள். எச்.பி.வி. பரிசோதனை செய்த குழுவில் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 34 பேர். எதுவும் செய்யப்படாத குழுவில் 64 பேர். மற்ற இரண்டு முறைகளில் மரணம் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. 2009இல் இந்த முடிவு வந்தபின் உலகமே எச்.பி.வி. பரிசோதனையின் பக்கம் திரும்பியது. 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் இன்னொரு முறை என 70 சதவீதப் பெண்களுக்குத் தரமான பரிசோதனை நடக்க வேண்டும் என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் 2030க்கான இலக்கை வைத்ததற்குப் பின்னால், இந்த இரண்டு மாவட்டங்களின் பெண்கள் இருக்கிறார்கள். ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை இல்லாமல் விடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அது நியாயமா என்ற விவாதம் பின்னாளில் உலக அளவில் எழுந்தது, எழ வேண்டியதுதான். எப்படியானாலும், நம் கிராமத்துப் பெண்களின் உடலிலிருந்து பெற்ற அறிவை ஆஸ்திரேலியா பயன்படுத்திக்கொண்டு, 2035வாக்கில் இந்த நோயை ஒழிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அறிவைக் கொடுத்த நாடு 1.9 சதவீதத்தில் நிற்கிறது.

தமிழ்நாடு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். உலக வங்கி உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின்கீழ் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடியாகத் தொடங்கி, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டுசென்ற மாநிலம் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. 2023 நவம்பரில் ஈரோடு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு வீடுவாரியாக அழைப்பு விடுத்துப் பரிசோதிக்கும் திட்டமும் தொடங்கியது. இவையெல்லாம் சரியான திசையில் வைத்த அடிகள். ஆனால் ‘சேவை இருக்கிறது’ என்று அரசு சொல்வதற்கும், ஒரு பெண்ணுக்கு அது கிடைப்பதற்கும் நடுவில் நிறைய இருக்கிறது. அறையில் கதவோ திரைச்சீலையோ இருக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். கருவிகள் கொதிக்கவைத்துத் தயாராக இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர் அன்றைக்கு முகாமுக்கோ பிரசவ அறைக்கோ போயிருக்கக் கூடாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருநாள் சம்பளத்தை இழக்காமல் வந்துபோகும்படி நேரம் அமைய வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பெண் திரும்பிப் போய்விடுவார், மறுபடி வரமாட்டார்.

இன்னும் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பெண்ணுக்கும் அரசு சுகாதார அமைப்புக்கும் உள்ள உறவு அவர் கருவுற்றதும் தொடங்குகிறது. கிராம சுகாதார செவிலியர் பெயரை எழுதிக்கொள்கிறார்; கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்ணான பிக்மி எண் கிடைக்கிறது; தடுப்பூசி எப்போது, ஸ்கேன் எப்போது, பிரசவத் தேதி எது எல்லாம் பதிவாகின்றன. ஒரு மாதம் வராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள், வீட்டுக்கே வந்து கேட்கிறார்கள். இரண்டாவது குழந்தை பிறந்து, குடும்பக் கட்டுப்பாடு அறுவைச் சிகிச்சையும் முடிந்துவிட்டால் அந்த உறவு அறுந்துபோகிறது. இங்கே மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். பெரும்பாலானோர் இருபதுகளின் நடுவிலேயே. அதன் பிறகு அவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் தேதியோடு இல்லை. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை தொடங்க வேண்டிய வயதோ முப்பது. அரசு அவரை மறந்த நாலைந்து வருடத்தில்தான் அவருக்கு அரசு தேவைப்படத் தொடங்குகிறது. கணவரை இழந்தவர், மணமாகாதவர், குழந்தை இல்லாதவர் ஆகியோரின் பெயர்களோ அந்தப் பதிவேட்டில் முதலிலிருந்தே முறையாக ஏறியிருக்காது.

பதிவேடும் அழைப்பும் என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டனின் வரலாறு தெளிவான சாட்சி. அங்கே 1960களிலேயே பாப் ஸ்மியர் வந்துவிட்டது. இருபது ஆண்டுக்கும் மேலாக, விரும்புகிறவர்கள் வந்து செய்துகொள்ளலாம் என்ற நிலைதான். மரணங்கள் பெரிதாகக் குறையவில்லை. 1988இல் கணினிப் பதிவேட்டின் உதவியோடு, உரிய வயதுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயரிட்டுக் கடிதம் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். இலக்கை எட்டும் குடும்ப மருத்துவர்களுக்கு ஊக்கத்தொகையும் தந்தார்கள். 1988இல் 42 சதவீதமாக இருந்த பரிசோதனை 1994இல் 85 சதவீதமாகியது. அதே பாப் ஸ்மியர், அதே பெண்கள். கடிதம் போகத் தொடங்கியதும் நோயும் மரணமும் சரிந்தன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் நிலையங்கள் நடக்கின்றன. தன் பகுதிக் குடும்பங்களின் பதிவேட்டை வைத்திருக்கும் பொதுச் சுகாதார மருத்துவமாதுதான், 35 வயதாகும் பெண்களைக் கண்டறிந்து அங்கே அனுப்புகிறார். வயதைக் குறிப்பிட்டுச் சொல்லும்போது வேலை எளிதாகிறது. ‘30 முதல் 65 வரை எல்லோரும் வாருங்கள்’ என்றால் யாருக்கும் அது தன்னைக் கூப்பிட்டதாகத் தோன்றாது. ‘உங்களுக்கு இந்த வருடம் 35 ஆகிறது, அடுத்த புதன்கிழமை வாருங்கள்’ என்றால் தோன்றும்.

பெயர்ப் பட்டியலுக்கு நாம் புதிதாக எங்கும் போக வேண்டாம். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர், வயது, முகவரி, கைபேசி எண் எல்லாவற்றையும் சில மாதங்களில் சரிபார்த்து முடித்த அரசு இது. ரேஷன் அட்டை விவரம் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர்கள் தெருத்தெருவாக எடுத்த கணக்கும் இருக்கிறது. இதில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். பரிசோதனை செய்தால்தான் உதவித்தொகை என்று எந்த நிர்வாகமும் நிபந்தனை வைத்துவிடக் கூடாது. ஒருவரின் உடல் பற்றிய தகவல் சுகாதாரத் துறையைத் தாண்டி வேறெங்கும் போகவும் கூடாது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை பெண்ணுக்கு எப்போதும் உண்டு. ஆனால் அழைப்பே வராதவர் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அழைத்தால் மட்டும் போதாது, அழைத்துச் செய்யும் பரிசோதனையும் நல்லதாக இருக்க வேண்டும். அசிட்டிக் அமிலச் சோதனை பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பி நிற்பது. திண்டுக்கல்லில் பலன் தந்த அதே சோதனை உஸ்மானாபாத்தில் தரவில்லை என்பதே அதற்குச் சான்று. மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடம் உள்ளே ஒடுங்கிவிடுவதால் அந்தச் சோதனை சரிவராது. எச்.பி.வி. பரிசோதனையில் இந்தக் குறை இல்லை. ஒருமுறை ‘இல்லை’ என்று வந்துவிட்டால் ஐந்து முதல் பத்து வருடம் கவலையில்லாமல் இருக்கலாம். அதைவிட முக்கியம், மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிறிய பிரஷ்ஷைத் தனிமையில் உள்ளே செலுத்திச் சுழற்றி, குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். படுத்துக் கால் விரிக்க வேண்டிய சங்கடம் இல்லை, கருவியின் வலி இல்லை, செவிலியரின் நேரமும் மிச்சம். தரமான பி.சி.ஆர். முறையில் சோதித்தால், தானே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும் ஏறக்குறைய ஒரே துல்லியம் தருகின்றன. ஆஸ்திரேலியா 2022 ஜூலை முதல் எல்லாப் பெண்களுக்கும் இந்த வாய்ப்பைக் கொடுத்துவிட்டது.

விலை அதிகம் என்பார்கள். தனியார் ஆய்வகத்தில் ஒரு எச்.பி.வி. பரிசோதனைக்கு வாங்கும் கட்டணத்தைப் பார்த்தால் அந்தக் கவலை இயல்புதான். ஆனால் ஒருவர் தனியாகப் போய்க் கொடுக்கும் விலையும், அரசு லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கும் விலையும் ஒன்றல்ல. மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பதில் நாட்டுக்கே வழிகாட்டியது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். கொரோனா காலத்தில் மாவட்டந்தோறும் பி.சி.ஆர். ஆய்வகங்கள் வந்துவிட்டன. காசநோயைக் கண்டறியும் ட்ரூநாட் கருவியிலேயே எச்.பி.வி. சோதனையும் செய்யலாம்; அது இந்தியாவில் தயாராவது. 2024 செப்டம்பரில் நடந்த குவாட் மாநாட்டில், இந்தோ-பசிபிக் நாடுகளுக்கு மாதிரி எடுக்கும் கருவிகளும் கண்டறியும் கருவிகளும் தடுப்பூசிகளும் வழங்க 75 லட்சம் டாலர் தருவதாக இந்தியா அறிவித்தது. மற்ற நாட்டுப் பெண்களுக்குக் கொடுக்கும் வசதி உள்ள நாட்டுக்கு, திண்டுக்கல் பெண்ணுக்கும் உஸ்மானாபாத் பெண்ணுக்கும் கொடுக்கும் வசதியும் இருக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இரண்டே இரண்டு பரிசோதனை. முற்றிய நோய்க்குக் காப்பீட்டுத் திட்டம் கட்டும் தொகையோடு அதை வைத்துப் பார்த்தால் எது செலவு, எது சிக்கனம் என்பது விளங்கும்.

பரிசோதனையில் ‘இருக்கிறது’ என்று வந்த பிறகு என்ன? அழைப்பில் இருக்கும் அதே அலட்சியம் இங்கும் தொடர்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்து, அரசு மருத்துவமனையில் கால்போஸ்கோப்பி, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். வேறு ஊர், வேறு நாள், தெரியாத மருத்துவர், ‘புற்றுநோய்’ என்ற சொல் தரும் பயம். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு பெண் இத்தனையையும் தாண்டிப் போக வேண்டும். திண்டுக்கல் ஆய்வில் பரிசோதனையும் சிகிச்சையும் செவிலியர் கையிலேயே, கிராமத்துப் பக்கத்திலேயே நடந்தன. மரணம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று கையடக்கமாக, மின்கலத்தில் இயங்கும் வெப்பச் சிகிச்சைக் கருவி வந்திருக்கிறது. எரிவாயு உருளை வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், சில நிமிடங்களில் முடிந்துவிடும். வட்டாரத்துக்கு ஒரு கருவியும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால், பெரும்பாலான பெண்கள் மாவட்டத் தலைநகரம் போக வேண்டியிருக்காது. சிகிச்சைக்கு வழி வைக்காமல் பரிசோதனை மட்டும் செய்வது அந்தப் பெண்ணுக்குப் பயத்தை மட்டும் கொடுத்தனுப்புவதாகும்.

தேவையில்லாதவர்களுக்கும் சிகிச்சை போய்விடாதா என்ற கேள்வியை மருத்துவர்களே எழுப்புகிறார்கள். எழுப்ப வேண்டிய கேள்விதான். வைரஸ் இருக்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வராது. வெள்ளைத் திட்டு எல்லாம் ஆபத்தானதும் இல்லை. அதனால்தான் தொற்று வந்துபோகும் இளவயதில் பரிசோதிக்காமல் முப்பதுக்கு மேல் தொடங்குகிறார்கள். வைரஸ் இருப்பவர்களை மறுபடி கண்ணால் பார்த்துப் பிரிக்கிறார்கள். அதன் பிறகும் சிலருக்குத் தேவைக்கு மேல் சிகிச்சை கிடைக்கத்தான் செய்யும். அந்தச் சிகிச்சையால் சில வாரம் நீர்போலக் கசியும், லேசாக வலிக்கும். அதைத் தவிர்ப்பதற்காகப் பரிசோதனையையே தள்ளிப்போட்டால் இழப்பது உயிர்.

பெண்களே வருவதில்லை, நாங்கள் என்ன செய்வது என்று சொல்பவர்களுக்குத் திண்டுக்கல்லின் 63 சதவீதம் போதுமான பதில். கூச்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. எச்.பி.வி. உடலுறவால் பரவுவது என்று தெரிந்தால் வீட்டில் சந்தேகம் வருமோ என்ற பயமும் இருக்கிறது. வாழ்நாளில் பெரும்பாலானோருக்கு ஒருமுறையாவது வந்துபோகும் தொற்று இது, ஒரே துணையோடு வாழ்கிறவர்களுக்கும் வரும் என்று செவிலியர் நிதானமாகச் சொன்னால் அந்தப் பயம் தணியும். பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கமும் கூச்சமும் ஒரு காலத்தில் இதைவிட வலுவாக இருந்தன. தெரிந்த முகமான ஒரு செவிலியர் திரும்பத் திரும்ப வாசலுக்கு வந்ததால்தான் அவை மாறின. அந்த 9.8 சதவீதமே குறைவான கணக்கு, என்ன பரிசோதனை என்று தெரியாமலேயே பலர் செய்துகொண்டிருப்பார்கள் என்று சிலர் சொல்லலாம். அப்படியே அதை இரண்டு மடங்காக்கினாலும் இருபதைத்தான் தொடும். தனக்கு என்ன செய்தார்கள் என்றே தெரியாத பெண், ஐந்து வருடம் கழித்து மறுபடி வருவார் என்றும் எதிர்பார்க்க முடியாது.

தடுப்பூசி வந்துவிட்டதே என்பது இப்போது அடிக்கடி கேட்கும் வாதம். 2023இல் சீரம் நிறுவனத்தின் ‘செர்வாவேக்’ வந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட 36 கோடி ரூபாயைத் தமிழ்நாடு அரசு ஒதுக்கியது. மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் தடுப்பூசி, தொற்று வருவதற்கு முன்பு போட வேண்டியது. வந்துவிட்ட தொற்றை அது போக்காது. இன்று 14 வயதில் ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிக்கு இந்த நோய் வரக்கூடிய வயது வர இன்னும் இருபது முப்பது வருடம் ஆகும். அவளுடைய அம்மாவும் பெரியம்மாவும் அத்தையும் அதற்குள் அந்த வயதைக் கடந்துவிடுவார்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி பரிசோதனைதான். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் பிற்காலத்தில் பரிசோதனை வேண்டும், ஏனென்றால் புற்றுநோய் தரும் எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை.

நோய் தானாகவே குறைந்துவருகிறதே என்பவர்கள் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைக் காட்டுவார்கள். 1980களில் சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது. இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்றுநோய் இருக்கிறது. தாமதமான திருமணம், குறைவான பிரசவங்கள், கல்வி, தண்ணீர், கழிப்பறை எல்லாம் சேர்ந்து செய்த மாற்றம் அது. அந்த மாற்றம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வரவில்லை. படிப்பும் வசதியும் வந்த வீடுகளைவிட்டு நோய் விலகிப்போகிறது; சீக்கிரம் மணமாகி, கூலி வேலை செய்யும் பெண்களின் வீட்டில் தங்கிவிடுகிறது. தானாகக் குறையும் என்று விடுவது அவர்களைக் கைவிடுவதற்குச் சமம். எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு அதிகம். அவர்களைக் கூட்டுமருந்து மையங்களிலேயே 25 வயதிலிருந்து பரிசோதிக்கலாம். அங்கே பெயரும் தேதியும் ஏற்கெனவே இருக்கின்றன.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தோன்றும் எதிர்ப்பு செவிலியர்களிடமிருந்து வருவதுதான். பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தம், முகாம், இணையப் பதிவு என்று ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாத அவர்கள் தலையில் இன்னொன்றை ஏற்றுவதா? தொகுப்பூதியத்திலும் ஊக்கத்தொகையிலும் வேலை செய்யும் தன்னார்வலர்களிடம் இன்னும் எவ்வளவு எதிர்பார்ப்பது? இதற்குச் சுலபமான பதில் இல்லை. கூடுதல் ஆட்களும், அவர்களுக்கு ஒழுங்கான ஊதியமும் இல்லாமல் எந்தப் பட்டியலும் வேலை செய்யாது. ஆயினும், தானே மாதிரி எடுக்கும் முறை வந்தால் ஒரு செவிலியர் நாள் முழுவதும் பார்க்கும் எண்ணிக்கையை ஒரு தன்னார்வலர் ஒரு தெருவிலேயே முடித்துவிடலாம். 30 முதல் 65 வரை எல்லோரையும் ஒரே நேரத்தில் துரத்துவதை விட்டு, இந்த வருடம் 35 ஆகிறவர்கள், 45 ஆகிறவர்கள் என்று இரண்டு பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு வாரத்துக்குச் சில பேர்தான் வருவார்கள். அது செய்யக்கூடிய வேலை. விடுபட்ட மூத்தவர்களுக்குத் தனியாக ஓரிரு ஆண்டு சிறப்பு ஏற்பாடு வேண்டும்.

இன்று மாதந்தோறும் துறைக்குப் போகும் அறிக்கைகளில், எத்தனை பரிசோதனை செய்தோம் என்பதே முதல் வரி. அந்த எண்ணிக்கையைக் கூட்ட ஒரே முகாமில் நூறு பேரைப் பார்த்துவிடலாம். அவர்களில் பலர் சென்ற வருடமும் வந்தவர்களாக இருக்கலாம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் சொல்ல வேண்டிய கணக்கு வேறு. தன் எல்லைக்குள் இந்த ஆண்டு 35 வயதாகும் பெண்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைத்தோம், எத்தனை பேர் வந்தார்கள், சிகிச்சை தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர், அந்தச் சிகிச்சை எத்தனை பேருக்கு முடிந்தது. இந்த ஐந்து எண்களை மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் மானியக் கோரிக்கை விவாதத்தில் கேட்க வேண்டும். கிராம சபையில் பெண்கள் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் 35ஐத் தாண்டிய பெண் இருந்தால், அழைப்பு வரும்வரை காத்திருக்காமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை எந்தக் கிழமை நடக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள். நடப்பதில்லை என்று சொன்னால், ஏன் நடப்பதில்லை என்று எழுதிக் கேளுங்கள்.